வகுப்பறைக்கு வெளியே விஞ்ஞானம்: 'செய்து பார்' நூல்கள் போதுமா?

பள்ளிக்கூடத்துக்கு வெளியே விஞ்ஞானம் கற்க என்ன நூல் வாங்கலாம்? கற்பிக்க என்ன உபகரணம் வேண்டும்? புதுவை நகரிலும், வில்லியனூர், பாகூர் போன்ற சுற்று வட்டாரங்களிலும் மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லித் தரும் இளைஞர்கள், பௌதிக ஆசிரியர் என்று யாரைக் கண்டாலும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே, தாமாக ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆவல் கொண்டவர்களும் கேட்கிறார்கள். இவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு நூற்பட்டியல். அதில் பாதி, 'செய்து பார்' வகையைச் சேர்ந்த நூல்களாக இருக்கும்.

ஒரு நாவல் வெளிவந்தால் அதற்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். ஆனால் செய்து பார் நூல் ஒன்றை எடுத்து, இதில் சொல்லியிருப்பது சரிதானா, இதைப் படிக்கும் பிள்ளை உண்மையில் எதைக் கற்கும் என்று எவரும் கேட்பதில்லை. 'சிறுவர்களுக்கான நல்ல முயற்சி' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆசிரியர் இல்லாத இடத்தில் நூலே ஆசிரியர். அந்த ஆசிரியரைப் பரீட்சிக்காமல் விடுவது நியாயமா? ஆகவே பட்டியல் தருவதை ஒத்திவைத்து, பட்டியலில் உள்ள சிலவற்றைக் கொஞ்சம் கறாராகவே பார்ப்போம்.

முதலில் உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி நிறுத்துங்கள். கண்ணாடித் தம்ளர் ஒன்றை அதன்மேல் கவிழுங்கள். சுடர் அணைகிறது, தம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. இந்தச் சோதனை இடம்பெறாத செய்து பார் நூலைக் காண்பது அரிது. அவற்றுள் பலவற்றில் அடுத்த வரி இப்படி இருக்கும்: 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது. ஆகவே தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது.'

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இந்த விளக்கம் பிழை. பிழை என்பதைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஆய்வுக்கூடம் தேவையில்லை. அதே தட்டும் தம்ளருமே போதும். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். பிராணவாயு எரியும் காரணத்தால்தான் ஏறுகிறது என்றால், சுடர் எரிந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும் அல்லவா? நடப்பது அதுவன்று. சுடர் எரியும்போது தண்ணீர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகுமே வேகமாக ஏறுகிறது. இப்போது ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை நெருக்கமாக நிறுத்தி, அதே தம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். தம்ளர் அதேதான், காற்று அதேதான், பிராணவாயுவும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். மெழுகுவர்த்தியின் எண்ணிக்கை கூடினால் தண்ணீர் ஏன் கூடுதலாக ஏற வேண்டும்?

காரணம் வெப்பம். தம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி விளிம்பு வழியாகத் தப்பித்துவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் குமிழிகளாக வெளியேறுவதையும் காணலாம். சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பிராணவாயுவைப் பொறுத்தமட்டில், மெழுகுவர்த்தி அதை முழுவதும் தீர்ப்பதே இல்லை. காற்றில் 21 சதவிகிதமாக உள்ள பிராணவாயு ஏறத்தாழ 16 சதவிகிதத்துக்குக் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும். எரிந்த அந்தச் சிறு பங்குக்குப் பதிலாகவும் கரியமில வாயு வந்து பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு உயர்வு என்பது, சரியான அளவு மெழுகுவர்த்தியும் சரியான அளவு தம்ளரும் தற்செயலாகக் கூடும்போது வருவது.

ஐந்தில் ஒரு பங்கை நேர்மையாகக் காண வேண்டுமா? லேத் பட்டறையில் கொஞ்சம் இரும்புத்தூள் கேளுங்கள். ஒரு நீளமான கண்ணாடிப் புட்டியின் உட்புறத்தை நனைத்து, தூளை ஒட்டும்படி தூவி, தண்ணீரில் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். இரும்பு துருப்பிடிக்கும், பிராணவாயு துருவோடு சேர்ந்துவிடும், சூடு இல்லை, கரியமில வாயுவும் இல்லை. தண்ணீர் மெல்ல ஏறி, ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்து நிற்கும். (பாத்திரம் துலக்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது. அது துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது.) இந்தச் சோதனை மெழுகுவர்த்தியைப் போலக் கண்ணைக் கவராது. மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, நூல்களில் இதற்கு இடம் குறைவு.

ஒரு விளக்கம் தவறிவிட்டதே என்பதல்ல என் குறை. அது அடுத்த பதிப்பில் திருத்தக்கூடியது. சோதனையைச் சொன்ன அதே பத்தியில் முடிவையும் சொல்லி, அதே மூச்சில் காரணத்தையும் சொல்லிவிடுவதுதான் குறை. படிக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? தண்ணீர் ஏறும் என்று நூல் சொன்னது, ஏறியது, காரணம் நூலில் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பு. எப்போது ஏறியது என்று அந்தப் பிள்ளை பார்க்கவே இல்லை, பார்க்க அவசியமும் இல்லை. கையால் செய்த மனப்பாடம் என்றே இதைச் சொல்ல வேண்டும். நம் பத்திரிகைகளின் சோதனைப் பக்கங்களும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கல்ல. இன்று கைபேசியில் வரும் சோதனைப் படக்காட்சிகளோ இன்னும் ஒரு படி மேல். அவற்றில் எந்தச் சோதனையும் தோற்பதே இல்லை. தோற்றதை வெட்டி எறிந்துவிட்டுத்தானே காட்டுகிறார்கள்!

புதுவையில் ஒரு கிரகணம்

வகுப்பறையை விட்டு வெளியே வந்துவிட்டாலே கல்வி உயிர் பெற்றுவிடும் என்று எண்ணுவோர் பலர். நான்கு சுவருக்குள்தான் மனப்பாடம் குடியிருக்கிறது என்பது அவர்கள் கட்சி. இவர்களுக்கு நம் ஊரின் பழைய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர், தென்னிந்தியாவின் காலக் கணக்கு முறைகளைத் திரட்டி 1825இல் 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதன் பொருட்டு அவர் சந்தித்தவர்களுள் புதுவைவாசியான பஞ்சாங்கக் கணிதர் ஒருவரும் உண்டு. சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதை அவர் வாரன் முன்னிலையில் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தி நகர்த்தியே கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் நடந்தன. தேவையான அட்டவணைகள் எல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் மாற்றப்பட்டு அவர் நினைவில் இருந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வாக்கிய மரபு இதுதான்.

1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன கணக்கில், தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. வெறும் சோழிகளையும் ஞாபகத்தையும் கொண்டு இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியதே. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாரன் இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கணிதருக்கு நினைவாற்றல் அபாரம், செய்முறை அப்பழுக்கற்றது, ஆனால் அந்தச் செய்முறைக்கு அடிப்படையான வானியல் கோட்பாடு சிறிதும் தெரியாது என்பதே அது.

இவர் கற்றது வாரனின் ஆய்வகம் போன்ற இடத்திலும் அல்ல, இன்றைய வகுப்பறை போன்ற ஒன்றிலும் அல்ல. கையில் பொருள் இருந்தது, தரையில் வேலை நடந்தது. 'செயல்வழிக் கல்வி' என்று இன்று நாம் கேட்பது எல்லாமே இருந்தது. ஆயினும் அந்த 52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு வழியில்லை. பிழை எங்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் கடிகாரம் தள்ளிப் போயிற்று என்று விட்டுவிடலாம். தொடக்கத்தில் சிறிதாகவும் முடிவில் பெரிதாகவும் இருக்கிறது என்றால், கிரகணம் நீடிக்கும் காலமே கணக்கில் தவறியிருக்கிறது. அப்படியானால் பூமியின் நிழலுடைய அகலத்தைப் பார்க்க வேண்டுமா? சந்திரன் அந்த நிழலின் நடுவிலிருந்து எவ்வளவு விலகிச் சென்றது என்பதைப் பார்க்க வேண்டுமா? கோட்பாடு தெரிந்தவருக்குப் பிழை ஒரு துப்பு. தெரியாதவருக்கு அது விதி.

ஆகவே இடத்தை மாற்றினால் போதாது. சுவரில்லாத இடத்திலும் மனப்பாடம் செழித்து வளரும். மெழுகுவர்த்தி நூல்களே அதற்குச் சாட்சி.

சில நூல்கள், சில தீர்ப்புகள்

இனி நூல்களுக்கு வருவோம். இவ்வகை நூல்களுக்கெல்லாம் பாட்டனார் என்று யுனெஸ்கோ 1956இல் வெளியிட்ட விஞ்ஞானப் போதனை மூலநூலைச் சொல்லலாம். அது பிறந்த கதை உருக்கமானது. இரண்டாம் உலகப் போரில் பல நாடுகளின் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் தரைமட்டமாயின. அந்நாட்டு ஆசிரியர்களுக்காக இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன்சன் எழுதிய ஒரு சிறு கையேட்டை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. கண்ணாடிக் குடுவை இல்லையா, பழைய புட்டியை எடு. தராசு இல்லையா, நீயே செய்துகொள் என்பது அதன் போக்கு. அதுவே வளர்ந்து, எழுநூறு சோதனைகள் கொண்ட பெருநூலாயிற்று. போரால் ஆய்வுக்கூடத்தை இழந்தவர்களுக்கு எழுதியது, ஆய்வுக்கூடத்தையே காணாத நம்மைப் போன்ற நாடுகளுக்கும் அப்படியே பொருந்திவிட்டது!

உபகரணம் செய்துகொள்ளும் பகுதிகளில் இன்றும் அதை மிஞ்ச நூல் இல்லை என்பேன். தராசு ஒன்றைத் தானே செய்த பிள்ளைக்கு, தராசு ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்பது பாடமாகவே அமைந்துவிடும். ஆனால் எழுநூறு என்ற எண்ணே அதன் பலவீனம். ஒன்றன்பின் ஒன்றாகச் சமையல் குறிப்புகளைப் போல் வந்துகொண்டே இருக்கின்றன. எதிலும் நின்று நிதானிக்க நேரமில்லை. வழிநடத்தும் ஆசிரியர் அருகிலிருந்தால் அது பொக்கிஷம். தனியே படிப்பவருக்கு அது ஒரு காடு.

அரவிந்த் குப்தாவின் வழி வேறு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர் அவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்று, கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானத் திட்டத்தில் சேர்ந்து உழைத்தார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டு உருவங்கள் அமைக்கும் அவருடைய முறை அங்கே உருவானது. 1987இல் நூலாகவும் வந்தது. அவருடைய நூல்கள் பல தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வால்வு டியூப்பை ஒரு செ.மீ. அளவுக்கு நறுக்கி, அதன் இரு முனைகளிலும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு ஆகிவிடுகிறது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்துங்கள், சாய்ந்து சரியும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. இங்கே விளக்கம் தேவையே இல்லை, விரலே சொல்லிவிடுகிறது. அப்புறம் தெருவுக்கு வந்து செல்பேசிக் கோபுரத்தைப் பாருங்கள். பந்தல் போடுகிறவர் மூலையில் ஒரு மூங்கிலைச் சாய்வாகக் கட்டுவதைப் பாருங்கள். அவர் எந்த நூலையும் படித்துக் கட்டவில்லை. ஏன் கட்டுகிறீர்கள் என்று அவரையே கேட்டுப் பார்க்கலாம். நல்ல பதில் கிடைக்கும். (ஒரு நடைமுறைக் குறிப்பு: மெழுகு தோய்த்த குச்சி வளைந்துவிடும், மரக்குச்சி வேண்டும். வால்வு டியூப் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பழைய சைக்கிள் கடைகளில் கேளுங்கள்.)

அரவிந்த் குப்தாவின் பிற்காலப் பொம்மைகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மகிழ்ச்சிக்குக் குறைவில்லை, ஆனால் அளப்பது குறைவு. சுழலி சுழன்றதும் பிள்ளை அடுத்த பொம்மைக்குத் தாவிவிடுகிறது. வேகமாகச் சுழல்கிறது, மெல்லச் சுழல்கிறது என்பதோடு நிற்காமல், எத்தனை முறை என்று ஒரே ஒரு கேள்வி சேர்ந்திருந்தால் போதும். ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீளமான ஊசல் மெல்ல ஆடும்' என்று சொல்லி நிறுத்தினால் அது வேடிக்கை. 25 செ.மீ. நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆடவிட்டால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு விநாடி ஆகிறது. இரண்டு விநாடி ஆக வேண்டுமானால் நூல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டால் அது பௌதிகம். 50 செ.மீ. என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆட்டிப் பார்க்கட்டும்.

பெரல்மானைப் பற்றி ஒரு வார்த்தை. 1913இல் ருஷ்ய மொழியில் முதலில் வெளிவந்த அவருடைய 'பொழுதுபோக்குப் பௌதிகம்' தமிழிலும் வந்திருக்கிறது. தனியே படிப்பவருக்கு என் முதல் சிபாரிசு அதுவே. சோதனைகள் குறைவு, ஆனால் வாசகரை நம்பிக் கேள்வி கேட்கிறார். பனிக்கட்டியை லென்ஸாகச் செதுக்கித் தீ மூட்டலாமா என்பது போன்ற உதாரணங்கள் புதுவை வெயிலில் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றலாம். பாதகமில்லை.

அரவிந்த் குப்தா சென்றடைந்த ஹோஷங்காபாத் திட்டத்தைத் தனியாகவே பேச வேண்டும். 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 2002இல் மாநில அரசின் முடிவால் நிறுத்தப்பட்டது. அது பள்ளிக்குள் நடந்ததுதான்; ஆனால் பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போய்ப் படித்தார்கள். அதன் பாடநூலான 'பால் வைஞ்ஞானிக்' சோதனையைச் சொல்லும், கேள்வி கேட்கும், விடையைச் சொல்லாது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்! விடை புத்தகத்தில் இல்லை என்றால் பயமென்ன?

அந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்தது பாடநூலைவிட ஒரு கற்பனை மனிதர். அவர் பெயர் சவாலிராம். 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி. பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை எல்லாம் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். வகுப்பறைக்கு வெளியே கற்பவருக்கு உண்மையில் இல்லாதது எது என்பதை இந்தக் கடிதப் பழக்கம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நூல் இருக்கிறது. பொருள், மலிவாகவே, இருக்கிறது. 'எனக்கு அப்படி வரவில்லையே' என்று சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆள்தான் இல்லை. மெழுகுவர்த்திச் சோதனையில் தண்ணீர் பாதி வரை ஏறிவிட்டது என்று ஒரு பிள்ளை கண்டால், நூலோடு பொருந்தவில்லை என்பதால் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி வெட்கப்பட்டு விட்டுவிடும். உண்மையில் அங்கேதான் அது நூலை வென்றிருக்கிறது! அந்த வெற்றி யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. பத்திரிகைகள் சோதனைப் பக்கம் நடத்துவதோடு, 'வராத சோதனைகள்' என்று இன்னொரு பக்கமும் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. முதல் பக்கத்தைவிட அது சுவையாகவே இருக்கும்.

ஆள் இல்லாத இடத்தில் பொருளே பதில் சொல்லும்படி அமைந்த கல்வியும் உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிளை மனப்பாடம் செய்ய முடியாது. இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வாயால் ஒப்பிப்பவரையும் அது கீழே தள்ளிவிடும். நல்ல சோதனை என்பது சைக்கிளைப் போல இருக்க வேண்டும். பிள்ளை சொன்னது சரியா தவறா என்பதை ஆசிரியரோ நூலோ சொல்லாமல், அந்தப் பொருளே சொல்லிவிட வேண்டும்.

நான்கு ஊர்களில் ஒரு குச்சி

குறை சொன்னவன் ஒரு சோதனையாவது தர வேண்டாமா? தருகிறேன். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் வரைபடத்தில் ஒரு விசித்திரம். பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. நிர்வாகத்துக்கு இது தலைவலி. பூமியை அளக்க விரும்புகிறவனுக்கோ இதைவிட வசதி வேறில்லை.

புதுவையின் அட்சரேகை ஏறத்தாழ 11.9 பாகை (டிகிரி). ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்டு 21ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சிக்கு அந்த விநாடியில் நிழலே இராது. நண்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. புதுவை அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே ஏப்ரலில் சுமார் 12 மணி 10 நிமிடத்துக்கும், ஆகஸ்டில் சுமார் 12 மணி 14 நிமிடத்துக்கும் குச்சியின் நிழல் மறையும்.

தேவையானவை: நேரான ஒரு மீட்டர் கழி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டும் ரசமட்டமும், சமமான தரை, ஒரு நோட்டுப் புத்தகம். அதோடு, மற்ற மூன்று ஊர்களில் ஒன்றிலாவது ஒரு சிநேகிதர். இந்தக் கடைசிப் பொருள்தான் கிடைப்பதற்கு அரிது, சிரமப்பட்டாவது தேடிக்கொள்ளுங்கள். அதே நாளில், தம் ஊர் நண்பகலில் அவரும் தம் கழியின் நிழலை அளக்க வேண்டும். நண்பகலைக் கடிகாரத்தில் தேட வேண்டாம். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் முனையைக் குறித்து வந்தால், மிகக் குட்டையான நிழலே நண்பகலைச் சொல்லிவிடும். சூரியனை மட்டும் நேரே பார்க்காதீர்கள். நம் வேலை எல்லாம் தரையில்தான்.

ஏனாமில் நிழல் எட்டு செ.மீ.க்குச் சற்று மேலே வர வேண்டும். மாஹேயில் அநேகமாக நிழல் இராது. ஆனால் அது மேற்குக் கரையில் இருப்பதால், அங்கே நண்பகல் நமக்குப் பின் சுமார் 17 நிமிடம் கழித்து வரும். அந்த 17 நிமிடத்தைக் கொண்டே இரண்டு ஊருக்கும் இடையேயுள்ள தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணக்கிடலாம். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். காரைக்கால் நமக்கு அநேகமாக நேர் தெற்கே, வான்வழியில் சுமார் 110 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே இரு ஊருக்கும் நண்பகல் ஒரே நேரத்தில். அங்கே நிழலின் நீளம் என்னவென்று நான் சொல்லப் போவதில்லை. நிழலின் நீளத்தைக் கழியின் நீளத்தால் வகுத்து, அந்தப் பின்னத்துக்குரிய கோணத்தைக் கண்டு, 360 பாகைக்கு எத்தனை கி.மீ. என்று பார்த்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் கையாண்ட வழியும் இதுவே.

சோதனைக்கு முன்பே ஓர் எச்சரிக்கை. சூரியன் புள்ளி அன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே ஒரு மீட்டர் உயரக் கழியின் நிழல் முனை ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவுக்கு மங்கித்தான் இருக்கும். காரைக்கால் நிழலில் இரண்டு மி.மீ. தவறினால் பூமியின் சுற்றளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும். ஏனாமில் அதே தவறுக்கு இரண்டரை சதவிகிதம் கூட மாறாது. ஏன் இந்த வேறுபாடு என்று யோசியுங்கள். ஆனால் ஏனாம் நமக்கு நேர் வடக்கே இல்லை. ஆகவே பேருந்துக் கட்டண தூரம் உதவாது, வரைபடத்தில் வடக்கு தெற்காக உள்ள தூரத்தை மட்டும் எடுக்க வேண்டும். மங்கலைச் சமாளிக்க ஓர் உபாயம் உண்டு. கழியின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் படுக்கையாகப் பொருத்தினால், துளை வழியே தரையில் ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அதன் மையத்தைக் குறிப்பது எளிது. துளைக்கு நேர்கீழே உள்ள இடத்தைத் தூக்குக்குண்டால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து அளவுங்கள்.

மேகம் மறைத்தால்? லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடந்து செல்வதைக் காண 1760இலேயே தம் நாட்டை விட்டுக் கிளம்பினார். 1761 ஜூனில் அது நிகழ்ந்தபோது, புதுவை ஆங்கிலேயர் வசமாகியிருந்தமையால் கப்பலிலேயே சிக்கிக்கொண்டார். ஆட்டம் ஓயாத கப்பலில் அளக்க முடியவில்லை. அடுத்த முறைக்காகக் காத்திருந்து, 1768இல் புதுவை வந்து, கருவிகளை எல்லாம் அமைத்துத் தயாராக இருந்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. அதற்கு அடுத்த முறை 1874இல்தான். நமக்கு அவ்வளவு துரதிர்ஷ்டம் இல்லை. ஏப்ரலில் தவறினால் ஆகஸ்டு இருக்கிறது.

உங்கள் எண்கள் 40,000 கி.மீ.க்கு அருகில் வரவில்லை என்று அழித்துத் திருத்த வேண்டாம். வந்த எண்ணை, கழியின் உயரம், நேரம், நிழல் விழுந்த திசை ஆகியவற்றோடு அப்படியே நம் பத்திரிகைக்கு எழுதுங்கள். குறிப்பாகக் காரைக்கால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு உங்கள் ஊரில் அது எந்தப் பக்கம் விழுந்தது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.